"ஒரு நாள் மட்டும் சாப்பிட்டுக்கலாமா டாக்டர்?" - குறை மாவு உணவுமுறையில் விடுமுறை நாட்களின் கதை


கொஞ்சம் நீளமான பதிவு. சீனி போடாத கடுங்காப்பி ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டு உக்காந்து படிங்க.

தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல, ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்துல சாகுபுரம்னு ஒரு ஊர் வரும். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் ஆலை. 1950களின் கடைசியில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் இங்கே காஸ்டிக் சோடா தயாரிக்க வந்தபோது, சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரால் உண்டான ஊர் இது. அந்த வட்டாரத்தில் இருந்து எனக்கு நிறைய சர்க்கரை நோயாளிகள் வருவாங்க.

அதில் ஒருத்தர், வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். நான் அண்ணாச்சின்னு தான் கூப்பிடுவேன். முதல் தடவை வந்தபோது ஹெச்பிஏ1சி 9.4. சோறு, இட்லி, தோசையை குறைச்சு மீன், முட்டை, கீரை, தேங்காய்னு மாத்தினோம். எட்டு மாசத்துல 6.3. மாத்திரை பாதியா குறைஞ்சது. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குதுன்னு சந்தோசமா குறைபட்டுக்குவாரு.

ஒன்பதாவது மாசம் வந்தப்ப தயங்கித் தயங்கி கேட்டாரு.

"ஐயா, அடுத்த மாசம் பேத்தி கல்யாணம்லா. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இலையில உக்காந்து ரெண்டு கரண்டி சோறும் பாயாசமும் சாப்பிட்டுக்கிடட்டுமா?"

நான் அப்ப ரொம்ப கண்டிப்பான டாக்டர். "அண்ணாச்சி, எட்டு மாச உழைப்பை ஒரு இலையில கொட்டப் போறீங்களா? கூடவே கூடாது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அவர் திரும்பி வந்தது ஒன்றரை வருசம் கழிச்சு. வலது கால் விரல்ல ஆறாத புண்ணோட.

நடந்தது என்னன்னா, கல்யாணத்தன்னைக்கு சாப்பிட்டிருக்காரு. யாரு தான் சாப்பிடாம இருப்பா? ராத்திரி வீட்டுக்கு வந்து, "டாக்டர் பேச்சை மீறியாச்சு, எல்லாம் கெட்டுப் போச்சு"ன்னு தோணிருக்கு. மறுநாள் மிச்சம் இருந்த லட்டு. அதுக்கு அடுத்த நாள் பழையபடி தோசை. எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்ககிட்ட வர்றதுன்னு இருந்துட்டேன் ஐயான்னாரு. அந்த விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

ரெண்டு கரண்டி சோறு அந்த விரலை எடுக்கல. அதுக்கு அப்புறம் வந்த ஒன்றரை வருசம் தான் எடுத்தது. அந்த ஒன்றரை வருசத்தில் என் பங்கு என்னன்னு யோசிச்சப்ப தான், இதே கேள்விக்கு எனக்கு முன்னாடி இருந்த மருத்துவர்கள் என்ன பதில் சொன்னாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

நவீன மருத்துவத்தில் சர்க்கரை நோய்க்கு மாவுச்சத்தைக் குறைத்து வைத்தியம் பார்த்த கதை 1797ல் தொடங்குது. பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர் ஜான் ரோலோ அந்த வருசம் ரெண்டு நோயாளிகளின் கதையை புத்தகமா போட்டார். ஒருத்தர் கேப்டன் மெரிடித். அவருக்குக் கொடுத்த மெனுவைப் பாருங்க: மதியம் ரத்தமும் கொழுப்பும் சேர்த்து அவிச்ச பதார்த்தம், அப்புறம் நாள்பட்ட, ஊசிப்போன பன்றி இறைச்சி. கேட்கவே குமட்டுதா? ஆனா காலை உணவைப் பாருங்க. பாலோட கூட ரொட்டியும் வெண்ணெயும் இருக்கு! அவ்வளவு கடுமையான பத்தியத்திலும் மனுசன் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வச்சிருக்கார். மெரிடித் தேறினார். ரெண்டாவது நோயாளி ஒரு ஜெனரல். அவர் பத்தியத்தில் நிக்கலை. டாக்டருக்கே ஆர்டர் போடுற ஆளு இல்லையா!

அடுத்து நம்ம எல்லாருக்கும் தாத்தா, வில்லியம் பேண்டிங். லண்டனில் அரச குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்து கொடுத்த குடும்பம். 1862ல் அவருக்கு வயசு 66, உயரம் அஞ்சடி அஞ்சு அங்குலம், எடை 202 பவுண்டு. அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில பின்பக்கமா தான் இறங்குவார். காது மந்தமாயிருச்சுன்னு வில்லியம் ஹார்விங்கற காது டாக்டர்கிட்ட போனார். ஹார்வி ஏற்கனவே பாரிஸில் கிளாட் பெர்னார்டோட விரிவுரைகளைக் கேட்டவர். கல்லீரலே சர்க்கரை தயாரிக்குதுன்னு கண்டுபிடிச்சவர் பெர்னார்ட். ஹார்வி, "காதை விடுங்க, முதல்ல ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீரை விடுங்க"ங்கற மாதிரி வைத்தியம் பார்த்தார். சுமார் ஒரு வருசத்துல 46 பவுண்டு, 21 கிலோ, குறைஞ்சது. 1863ல் பேண்டிங் ஒரு சின்ன புத்தகமா எழுதி வெளியிட்டார். பிச்சுக்கிட்டு போச்சு. ஸ்வீடன் மொழியில் இன்னைக்கும் டயட் இருப்பதற்கு 'பாண்டா'ன்னு தான் சொல்றாங்க. அவர் பேரு தான் அது.

இப்ப அந்த மெனுவை உன்னிப்பா பாருங்க. காலையிலும் மதியமும் ஒரு அவுன்ஸ் வறட்டு ரொட்டி, சுமார் 28 கிராம். சாயங்காலம் கொஞ்சம் பழம், ஒண்ணு ரெண்டு ரஸ்க். ராத்திரி ஒண்ணு ரெண்டு கிளாஸ் ஒயின். குடிக்கிறதை நான் சிபாரிசு பண்ணல, அதை விட்ருங்க. நான் சொல்ல வர்றது வேற. ஹார்வி தன் நோயாளிக்கு பிடிச்சதுல கொஞ்சத்தை, அளவு போட்டு, தட்டுக்கு உள்ளேயே வச்சுட்டார். பேண்டிங் 1878 வரைக்கும், 81 வயசு வரைக்கும் வாழ்ந்தார்.

இதே காலத்துல வேற ஒரு கூட்டமும் இருந்தது. நேபிள்ஸ் நகரத்தில் அர்னால்டோ கான்டானி. கறி மட்டும் தான் சாப்பாடு. நோயாளி திருட்டுத்தனமா சாப்பிட்டுடுவார்னு வாரக்கணக்கில் அறையில் வைத்து பூட்டிடுவார். ஆம், நிஜமாகவே பூட்டு சாவி போட்டு! ஸ்ட்ராஸ்பர்க்கில் பெர்ன்ஹார்ட் நவ்னின் என்ற மேதையும் தேவைப்பட்டால் மாசக்கணக்கில் பூட்டினார். சிறுநீரில் சர்க்கரை நின்றது உண்மை. கதவு திறந்த பிறகு என்ன ஆகியிருக்கும்னு நீங்களே ஊகிச்சுக்கோங்க.

பூட்டு உள்ளே இருக்கும்போதே வேலை செய்யாது என்பதற்கு ஒரு கதை இருக்கு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன். இன்சுலின் வருவதற்கு முன்பு உலகத்திலேயே பெரிய சர்க்கரை நோய் நிபுணர்களில் ஒருத்தர். அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் பட்டினி. குழந்தைகளை ஒரு நாளைக்கு சில நூறு கலோரியில் வைத்து, உயிரை மாசக் கணக்கில் நீட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். அவரிடம் 12 வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். சர்க்கரை நோயால் பார்வையும் போயிருந்தது. எல்லாத்தையும் அளந்து தான் கொடுக்கிறாங்க. அறையை விட்டு வெளியே வரவும் வழி இல்லை. ஆனாலும் சிறுநீரில் சர்க்கரை வருது. எப்படி?

பையன் பல் விளக்குற பேஸ்ட்டை தின்னிருக்கான். பொழுதுபோக்குக்குன்னு கேட்டு வாங்கி வச்சிருந்த கேனரிக் குருவி கூண்டில் கையை விட்டு, குருவிக்குப் போட்ட தானியத்தையும் தின்னிருக்கான்.

கண்ணு தெரியாத குழந்தை.

ஆலன் கெட்டவர் இல்லை. இன்சுலின் இல்லாத காலத்தில் டைப் 1 குழந்தைக்கு வேற வழியே கிடையாது. அவர் போட்ட பட்டினியால் தான் சில குழந்தைகள் இன்சுலின் வரும் நாள் வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. அதில் ஒருத்தி எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். 1919ல் 11 வயதில் நோய் தெரிந்தது. அந்தப் பிள்ளையோட பிறந்தநாள் கேக் என்ன தெரியுமா? தொப்பி வைக்கிற அட்டைப்பெட்டி. அதுக்கு ரோஸ், வெள்ளைக் காகிதம் ஒட்டி, மேலே மெழுகுவர்த்தி குத்தி வச்சிருக்காங்க. 1922 ஆகஸ்டில் டொரான்டோவில் இன்சுலின் போட வரும்போது வயசு 15 ஆகப் போகுது, எடை 45 பவுண்டு. சுமார் 20 கிலோ. ஊசி போட்டவர் ஃபிரெடரிக் பேண்டிங். அவளும் பிழைச்சு, கல்யாணம் பண்ணி, பிள்ளைகள் பெற்று 1981 வரைக்கும் வாழ்ந்தாள்.

அட்டைப்பெட்டி கேக்கை நான் கேலியா சொல்லலை. தின்ன முடியாட்டாலும் அந்த நாள்னு ஒண்ணு வேணும்னு அந்த வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு, அண்ணாச்சி விசயத்தில், அது கூட தெரியல.

நடுவில் ஒருத்தரை விட்டுட்டேன். கார்ல் ஃபான் நூர்டன், ஜெர்மனி. 1902-03 வாக்கில் இவர் செய்தது அன்னைக்கு பெரிய அதிர்ச்சி. கடுமையான மாவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் நோயாளிக்கு முதலில் ஒண்ணு ரெண்டு நாள் வெறும் காய்கறி. அப்புறம் சில நாள் தினமும் 250 கிராம் ஓட்ஸ், கூட ஏகப்பட்ட வெண்ணெய். திரும்பவும் காய்கறி நாள். பிறகு பழைய கட்டுப்பாடு. சிலருக்கு நல்ல பலன் கிடைச்சது. ஏன் கிடைச்சதுன்னு அப்புறம் பல வருசம் சண்டை போட்டாங்க. அதை ஒரு வைத்தியமா நான் இன்னைக்கு யாருக்கும் எழுதித் தரப் போறதில்லை. ஆனா ஒரு விசயம் கவனிங்க: தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் முன்கூட்டியே எழுதப்பட்ட மாவுச்சத்து நாட்கள், 120 வருசத்துக்கு முன்னாடியே ஒரு பெரிய மருத்துவரின் சீட்டில் இருந்திருக்கு.

1972ல் ராபர்ட் அட்கின்ஸ் வந்தார். முதலில் மாவுச்சத்தை நல்லா குறைச்சு, பிறகு படிப்படியா கூட்டி, உங்க உடம்பு எதுவரைக்கும் தாங்குதுன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னார். பாதிப் பேர் முதல் கட்டத்தை மட்டும் படிச்சுட்டு புத்தகத்தை மூடிட்டாங்க. 2010ல் டிம் ஃபெரிஸ் என்ற எழுத்தாளர், வாரத்தில் சனிக்கிழமை இஷ்டத்துக்கு சாப்பிடுன்னு எழுதினார். அதே பத்தாண்டில் தான் நியாண்டர் செல்வன் எழுத்து வழியாவும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழு வழியாவும் பேலியோ நம்ம தமிழ் வீடுகளுக்குள்ள வந்தது. கூடவே ஜிம்மில் இருந்து 'சீட்டிங்', 'சீட் மீல்'ங்கற வார்த்தையும் வந்துச்சு.

எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. சீட்டிங்னா ஏமாத்துறது. யாரை யாரு ஏமாத்துறா? "டாக்டர், நேத்து சீட் பண்ணிட்டேன்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொல்றவரைப் பார்த்தா, பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.

இந்த வெக்கம் தான் ஆபத்து. 1975ல் ஹெர்மன், மேக் என்ற ரெண்டு உளவியலாளர்கள் ஒரு வேடிக்கையான ஆய்வு செய்தாங்க. சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தாங்க. அப்புறம் ஐஸ்கிரீமை முன்னாடி வச்சு, ருசி பார்த்து சொல்லுங்கன்னாங்க. டயட் பற்றிக் கவலைப்படாதவங்க, வயிறு நிறைஞ்சதால ஐஸ்கிரீமை கொஞ்சமா தின்னாங்க. டயட் இருக்கிறவங்க? மில்க் ஷேக் குடிச்ச பிறகு அதிகமா தின்னாங்க! "எப்படியும் கெட்டாச்சு, இனி என்ன"ங்கற மனசு. குடி நோயாளிகள் ஏன் ஒரு கிளாஸில் இருந்து பழைய நிலைக்கே போயிடுறாங்கன்னு ஆராய்ந்த ஆலன் மார்லட்டும் இதையே தான் சொன்னார். சறுக்கல் ஒரு பங்கு, சறுக்கிட்டோமேங்கற குற்ற உணர்ச்சி மிச்சப் பங்கு. அண்ணாச்சிக்கு நடந்தது அதே தான்.

சரி.. நம்ம கடற்கரைக்கு வருவோம்.

சாகுபுரத்தை நடுவில் வச்சு ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. தெற்கே திருச்செந்தூர். ஐப்பசியில் ஆறு நாள் கந்த சஷ்டி விரதம், சூரசம்ஹாரம் முடிஞ்சு, மறுநாள் திருக்கல்யாணம். பக்கத்துலயே காயல்பட்டினம். முப்பது நோன்பு, பிறகு பெருநாள். இந்த முத்துக்குளித்துறை முழுக்க, 1530களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்று, 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து நடந்த கரையில், தவக்காலம் நாற்பது நாள், அப்புறம் ஈஸ்டர். மூணு மதமும் ஒரே இலக்கணத்தில் தான் நாள்காட்டி எழுதியிருக்கு. கட்டுப்பாட்டுக்கு ஒரு தேதி. விருந்துக்கு ஒரு தேதி. விருந்து முடியவும் ஒரு தேதி. பெருநாள் பிரியாணி தின்னவரை யாரும் நோன்பை ஏமாத்திட்டார்னு சொல்றதில்லை.

கோவில்பட்டி பக்கத்துக் கரிசலில் நெல்லுச்சோறே ஒரு காலத்தில் பண்டிகைச் சாப்பாடு தான். மத்த நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. இட்லி தீபாவளிக்கு வரும். "அந்தக் காலத்துல எவ்வளவு ஆரோக்கியமா இருந்தாங்க பாருங்க"ன்னு ஃபார்வர்ட் மெசேஜ் வரும்போதெல்லாம் எனக்கு கோபம் வரும். அது டயட் இல்லைங்க, வறுமை. கம்பும் சோளமும் மாவுச்சத்து தான். தேரிக்காட்டில் பதநீரும் கருப்பட்டியும் தின்னு பனை ஏறினவங்க குறை மாவு உணவில் இருக்கலை, கடுமையான உழைப்பில் இருந்தாங்க. 1967க்குப் பிறகு ரூபாய்க்குப் படி அரிசி, 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011ல் ரேஷனில் இலவச அரிசி. இந்த மாநிலத்தின் பசியைத் தீர்த்த திட்டங்கள் அவை. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. விருந்தின் தேதி அழிஞ்சு போச்சு. இட்லி தினமும், சோறு மூணு வேளையும், கேக் ஆபீஸில் வாரம் ஒருத்தர் பிறந்தநாளுக்கும். 2023ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிக்கிறாங்கன்னு கணக்குச் சொல்லுது.

தூத்துக்குடி மக்ரூனையும் இங்கேயே சொல்லிடறேன். "முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் தானே டாக்டர்? பேலியோ தானே?"ன்னு ஒரு தம்பி சீரியஸா கேட்டாரு. தம்பி.. சீனியை ஏன் விட்டுட்டீங்க? அது தான் அதில் முக்கால்வாசி கதை. முந்திரியை நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தது போர்ச்சுகீசியர்கள். பாரத்தை அவங்க மேல போட்டுட்டு ஒரு பாக்கெட்டையும் முடிச்சுடாதீங்க.

இப்ப உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும். ஏன்னா விடுமுறைங்கறது இலவசம் இல்லை.

மாசக்கணக்கில் மாவு குறைச்சு இருக்கும் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகியிருக்கும். திடீர்னு ஒரு நாள் சோறும் பாயாசமும் போனா, சர்க்கரை எப்பவும் ஏறுறதை விட அதிகமா ஏறலாம். லண்டனில் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் 1930களிலேயே ஆரோக்கியமானவர்களிடம் இதைக் காட்டிட்டார். குளுக்கோஸ் குடிச்சுப் பார்க்கும் டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாள் தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிடச் சொல்றது இதனால தான். 2019ல் கனடாவில் 9 ஆரோக்கியமான இளைஞர்களை 7 நாள் குறை மாவில் வச்சு, பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்தாங்க. ரத்தக்குழாயின் உள்சுவர் பாதிப்பைக் காட்டும் துகள்கள் ரத்தத்தில் கூடின. ஒன்பதே பேர், சின்ன ஆய்வு. ஆனாலும் வாராவாரம் சனிக்கிழமை திருவிழா கொண்டாடுறவங்க யோசிக்கணும். வாரம் ஒண்ணுன்னா வருசத்துக்கு 52. நம்ம மூணு மதத்துப் பண்டிகையையும் ஒண்ணா சேர்த்தாலும் அவ்வளவு வராதுங்க!

மறுநாள் எடை மெஷினில் ஏறி ஒண்ணு ரெண்டு கிலோ கூடிருச்சுன்னு அழாதீங்க. உள்ளே போன மாவு கிளைக்கோஜனா சேரும்போது அதன் எடையைப் போல மூணு மடங்கு தண்ணியையும் பிடிச்சு வைக்கும். பெரும்பாலும் அது தண்ணி தான், சில நாளில் இறங்கிடும்.

இப்ப நான் என்ன செய்றேன்னா, மருந்துச் சீட்டிலேயே தேதி எழுதுறேன். வருசத்துக்கு அஞ்சாறு. எந்த நாள், எந்த வேளை, என்ன பதார்த்தம், எவ்வளவு. நாள் முழுக்க இல்லை, ஒரு வேளை தான். முதலில் காய், மீன் அல்லது முட்டை, கடைசியில் சோறு. 2015ல் நியூயார்க்கில் 11 சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வரிசையைப் பார்த்தாங்க. அதே சாப்பாடு தான், மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது சர்க்கரை கணிசமா குறைவா ஏறியிருக்கு. மிச்ச இனிப்பு வீட்டுக்கு வரக்கூடாது. அடுத்த வேளை பழைய சாப்பாடு. பிராயச்சித்தம்னு பட்டினி கிடக்கவே கூடாது. குறிப்பா இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்குறவங்க பட்டினி கிடந்தா சர்க்கரை தாழ்ந்து மயங்கிடுவாங்க. இவங்களும், எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரக பாதிப்பு இருக்கிறவங்களும் இந்தப் பதிவைப் படிச்சுட்டு நீங்களா எதையும் மாத்தாதீங்க. உங்க டாக்டர்கிட்ட தேதியைச் சொல்லிக் கேளுங்க.

இன்னொரு உண்மையும் சொல்லணும். சிலருக்கு இது சரிப்படாது. ஒரு வாய் இனிப்பு ஒரு வாரமா நீளும், அவங்களுக்கே அது தெரியும். அவங்ககிட்ட நான் தேதி எழுதுறதில்லை. அந்த நாளுக்குப் பட்டு வேட்டி, பேரப்பிள்ளையோட ஃபோட்டோ, இலையில் நெய்மீன் வறுவல்னு வேற மாதிரி பேசி வைக்கிறேன். தொப்பிப் பெட்டி கேக் மாதிரி தான். இது சிலருக்குப் போதுது, சிலருக்குப் போதலை.

அண்ணாச்சி இப்ப திரும்ப வர்றாரு. ஒன்பது விரலோட, போன மாசம் ஹெச்பிஏ1சி 6.8. அவர் சீட்டில் பொங்கலும் தீபாவளியும் நான் எழுதினது. போன வாரம் உள்ளே வரும்போதே சிரிச்சுக்கிட்டே வந்தாரு.

"ஐயா, பேத்திக்கு வளைகாப்பு. ஏழு வகை சோறு போடுதாங்க. எதை விட, எதைத் திங்க?"

"ஒண்ணு தான் அண்ணாச்சி. ஒரு கரண்டி. நீங்களே சொல்லுங்க, எழுதிடறேன்."

ரொம்ப நேரம் யோசிச்சாரு. வெளியே டோக்கன் பத்து பேர் உக்காந்திருக்காங்க. சர்க்கரைப் பொங்கல்னு சொல்ல வாயெடுத்து நிறுத்திட்டு, கடைசியா சொன்னாரு, "புளியோதரை போடுங்க ஐயா. அது எங்க வீட்டு அம்மா கைப்பக்குவம்."

எழுதிட்டேன். தேதியோட.